துணியைக் கிழித்துவிட்டுப் போகிறார்கள், இரும்பு அப்படியே நிற்கிறது: அனுமதியில்லாத ஹோர்டிங்கை முழுசாக எடுக்க வைப்பது எப்படி?

துடியலூரான்:
எங்கள் பஸ் ஸ்டாப் திருப்பத்தில் ஒரு காலி மனை. அதில் நாற்பதடிக்கு இருபதடி ஹோர்டிங் ஒன்று ரோட்டைப் பார்த்து நிற்கிறது. முதலில் நகைக்கடை விளம்பரம் இருந்தது, அப்புறம் மனை விற்பனை, இப்போது யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. அனுமதி எண் என்று எதுவும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆன்லைனில் புகார் போட்டேன். ஆட்கள் வந்தார்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏணி போட்டு ஏறி, ஃப்ளெக்ஸைக் கத்தியால் குறுக்கே இரண்டு கிழி கிழித்து, கீழே இறங்கி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்து புகாரும் குளோஸ். அந்த வாரமே புது ஃப்ளெக்ஸ் மாட்டியாகிவிட்டது.

எனக்கு விளம்பரம் யாருடையது என்பதில் அக்கறை இல்லை. கம்பத்தின் அடியைப் போய்ப் பார்த்தேன், அதுதான் பயமாக இருக்கிறது. தண்ணீர் தேங்குகிற இடம், தரையை ஒட்டி இரும்பு செதில் செதிலாக உதிர்கிறது, விரலால் கீறினால் துரு பொடியாக வருகிறது. ஒரு காலில் பேஸ் பிளேட்டின், அதாவது காலைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் அடித்தகட்டின், நான்கு போல்ட்டில் ஒன்றுக்கு நட்டே இல்லை. அதன் நிழலில்தான் தள்ளுவண்டி டீக்கடை, ஸ்கூல் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பதும் அங்கேதான். இதை அடியோடு எடுக்க வைத்த அனுபவம் யாருக்காவது உண்டா? "மேலே புகார் செய்யுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், செய்தாகிவிட்டது.

வடசென்னை வாசு:
எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் நண்பரே. நான் கண்ணால் பார்த்தவன். இப்போதைய பசங்களுக்குத் தெரியாது, மவுண்ட் ரோட்டில் ஒருகாலத்தில் கட்டடங்களே கண்ணுக்குத் தெரியாது, ஹோர்டிங் மட்டும்தான் தெரியும். ஜெமினி மேம்பாலத்தில் ஏறினால் நாலு பக்கமும் பட்டுப்புடவையும் சினிமாவும். 2003இல் அரசு விதி கொண்டுவந்தது, விளம்பரக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், வருஷக்கணக்கில் இழுத்தது. 2008இல் உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று சொன்ன பிறகு கேஸ் கட்டரும் கிரேனுமாக இறங்கினார்கள். மொட்டை மாடிகளில் இருந்ததைக்கூட அறுத்துத் தள்ளினார்கள். ராட்சத இரும்பெல்லாம் துண்டு துண்டாக லாரியில் போனது. சென்னைக்கு ஆகாயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் காலியான இடத்துக்கு யார் வந்தார்கள்? பணம் கட்டி லைசென்ஸ் கேட்டவன் போனான், பணமும் கட்டாமல் யாரையும் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சவுக்குக்கட்டை நட்டு ஃப்ளெக்ஸ் கட்டுகிறவன் வந்தான்.

ஓய்வு பெற்றவன்:
நான் ஒரு நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

ஏன் துணியை மட்டும் கிழிக்கிறார்கள் என்றால், துணியைக் கிழிக்க ஒரு ஏணியும் ஒரு ஆளும் போதும். இரும்பை இறக்க கிரேன் வாடகை, கேஸ் கட்டர், வெல்டர் வேண்டும், பக்கத்தில் கரண்ட் லைன் போனால் மின்வாரியத்தில் சப்ளை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும், போக்குவரத்தை நிறுத்த போலீஸ் பாதுகாப்பு வேண்டும். இதற்கு அட்வான்ஸ் செலவு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அக்கவுன்ட்ஸ் கேட்பார்கள். செலவை ஹோர்டிங் வைத்தவரிடமே வசூலிக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் வைத்தவர் யார் என்று முதலில் தெரிய வேண்டுமே. பலகையில் பெயர் இருக்காது, மனை சொந்தக்காரர் வெளியூரில் இருப்பார். நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பி வரும். எல்லாம் தாண்டி நாங்கள் கிரேனோடு போய் நின்றால் இடைக்காலத் தடை ஆணையோடு ஒருவர் பைக்கில் வந்து இறங்குவார். எனக்கே நடந்திருக்கிறது, கிரேன் வாடகை மட்டும் தண்டம்.

இன்னொன்று, வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம். 2003 விதிப்படி லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட கலெக்டரிடம். ஃபைல் கலெக்டர் ஆபீசில், புகார் எங்களிடம். நாங்கள் அங்கே கைகாட்டுவோம், அவர்கள் "உள்ளாட்சி நடவடிக்கை எடுக்கவும்" என்று எங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். ஒரு தபால் நாலு மாசம் உலா வரும். 2023 ஏப்ரலில் புது நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் வந்த பிறகு மாநகராட்சி, நகராட்சிகளில் அந்த அதிகாரம் கமிஷனர் கைக்கு வந்துவிட்டது. ஆக இப்போது அந்தச் சாக்கு கிடையாது. உங்கள் மனு யாருக்குப் போகிறது என்று பாருங்கள், பழைய வழக்கத்தில் கலெக்டருக்கு எழுதினால் மறுபடியும் உலாதான்.

மாட்டுத்தாவணி வக்கீல்:
ஐயா சொன்னது சரி. ஆனால் இழையில் மூன்று விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறோம், எனவே கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். சுவரில் போஸ்டர் ஒட்டுவது, எழுதுவது, பொது இடத்தை அசிங்கப்படுத்துவது என்பதற்கு 1959ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று சில நாட்களுக்கு வைக்கும் பேனருக்குத் தனி விதி. அதில் அனுமதி எண், எந்தத் தேதி வரை, அச்சடித்தவர் யார் என்பதெல்லாம் பேனரிலேயே அச்சாகியிருக்க வேண்டும். துடியலூராரின் ஹோர்டிங் மூன்றாவது ரகம், நிரந்தரக் கட்டமைப்பு. அதற்கு லைசென்ஸ் வேண்டும், கட்டமைப்பு உறுதியாக இருக்கிறது என்று இன்ஜினியர் சான்று வேண்டும், காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும்.

கோவைப் பக்கம் கருமத்தம்பட்டியில் ஹோர்டிங் சாய்ந்த விபத்துக்குப் பிறகு 2023 ஜூனில் அரசு தெளிவாகவே அறிவித்தது: அனுமதியில்லாமல் வைத்தால் மூன்றாண்டு வரை சிறை அல்லது ரூ.25,000 அபராதம், அல்லது இரண்டும். உயிரிழப்பு ஏற்பட்டால் விளம்பர நிறுவனம் மட்டுமல்ல, இடத்தின் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். என் கருத்தில் உங்கள் கையில் இருக்கும் பிடி இதுதான். விளம்பரக் கம்பெனி கைக்குச் சிக்காது, மனைக்காரர் சிக்குவார். பட்டா அவர் பேரில்தானே இருக்கிறது.

ஃப்ளெக்ஸ்_கடை_மணி:
எல்லாரும் கடைசியில் வந்து பிரிண்டிங் கடைக்காரன் தலையில்தான் கட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் முன்னாடியே வந்துவிட்டேன்.

2019 செப்டம்பரில் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரோட்டில் அந்தப் பெண் இறந்தபோது, 23 வயசு, சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஸ்கூட்டரில் போனவர் மேல் பேனர் விழுந்து பின்னால் வந்த தண்ணி லாரி ஏறிவிட்டது, நானும் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அது அப்போதைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாண பேனர். ஆனால் மறுநாள் முதலில் சீல் வைக்க வந்தது எங்கள் மாதிரிக் கடைகளுக்கு. மெஷின் லோன் ஓடுகிறது, மூன்று பேர் சம்பளம், மாசக்கணக்கில் ஆர்டர் இல்லை. வாழ்த்து வைப்பவனுக்கு அந்தச் சில மாசம் அமைதி, எங்களுக்குத் தூக்கம் போச்சு.

அனுமதி எண் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? கேட்டால் "அண்ணே அந்த இடத்தில் இன்னொரு போட்டோ வைக்கலாமே" என்பார்கள். போட்டோ பஞ்சாயத்து தனிக்கதை. மாவட்டம் படம் எவ்வளவு பெரிசு, ஒன்றியம் படம் எவ்வளவு, வார்டு செயலாளர் எந்தப் பக்கம், கீழே வரிசையாகத் தலைகள், அதில் யார் காலர் யார் தோளை மறைக்கிறது என்பதுவரை பார்ப்பார்கள். ஒன்றியம் முகம் மாவட்டத்தைவிட ஒரு அங்குலம் பெரிசாக வந்துவிட்டது என்று ராத்திரி ஒரு மணிக்கு முழுசையும் மறுபடி அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன், முதல் பிரிண்ட்டுக்குக் காசு இன்னும் வரவில்லை. நான் "பர்மிஷன் லெட்டர் கொண்டு வாங்க" என்று சொன்னால் பக்கத்துக் கடையில் அடித்துக்கொள்வான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏணி முருகேசு:
நான் ஹோர்டிங் ஏறி ஃப்ளெக்ஸ் மாட்டுகிற வேலை செய்தவன், இப்போது கிரில் கடையில் வெல்டிங். டைப்பிங் மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை பெரும்பாலும் ராத்திரிதான். பத்துப் பதினைந்து பேர் சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் தூக்கி மேலே கயிறு போட்டு இழுப்போம். பெல்ட் இருக்கும், வண்டியில் இருக்கும், இடுப்பில் இருக்காது. இருட்டில் கொக்கியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது என்று மேஸ்திரி கத்துவார். காற்று வந்தால் ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பும், அந்த நேரம் ஃப்ரேம் முழுக்க முனகும், காலில் அதிர்வு தெரியும். தெரிந்தவன் இறங்கிவிடுவான். 2023 ஜூன் 1 கருமத்தம்பட்டியில் அதே மாதிரிதான், மேலே வேலை நடந்துகொண்டிருக்கும்போது காற்று வந்து மொத்த இரும்பும் சாய்ந்தது, மூன்று பேர் போய்விட்டார்கள். மூன்று பேருமே வேலைக்கு வந்தவர்கள். ரோட்டில் போனவர்கள் செத்தால் ஊரெல்லாம் பேசுகிறது, மேலே இருந்தவன் செத்தால் ரெண்டு நாள் பேப்பரில் வருகிறது.

துடியலூர் அண்ணா, ஒரு விஷயம் கவனியுங்கள். ஃப்ளெக்ஸில் அரைவட்டமாகக் காற்று ஓட்டை வெட்டியிருக்கிறார்களா? வெட்டியிருந்தால் மாட்டியவனுக்கே அந்த ஃப்ரேம் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

துடியலூரான்:
இருக்கிறது முருகேசு. வரிசையாக ஏழெட்டு ஓட்டை. டிசைன் என்று நினைத்துவிட்டேன்.

சிவில் சித்தப்பா:
அந்த ஓட்டைகளால் பெரிய பிரயோசனம் கிடையாது, மொத்தப் பரப்பில் அது எத்தனை சதவீதம் வரும்? மனசாந்திக்கு வெட்டுகிறார்கள்.

கணக்கு போட்டே காட்டுகிறேன், சலிப்பாக இருந்தால் தாண்டிவிடுங்கள். 40 அடிக்கு 20 அடி என்றால் 800 சதுர அடி, கிட்டத்தட்ட 74 சதுர மீட்டர். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று, அதாவது ஒரு நல்ல கோடை மழைக்கு முந்தின காற்று, அந்தப் பலகை மேல் சுமார் 1.8 டன் தள்ளு கொடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். 39 மீட்டருக்கு இதே பலகையில் ஏறக்குறைய 7 டன், 50 மீட்டருக்கு 11 டன்னுக்கு மேல். வடிவக் குணகம், உயரம், நிலப்பரப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இந்த 7 டன்னும் நேரே கீழே இறங்குகிற பாரம் கிடையாது, முப்பது நாற்பதடி உயரத்தில் பக்கவாட்டில் தள்ளுகிறது. அத்தனையையும் தாங்க வேண்டியது அடியில் இருக்கும் அந்தப் பேஸ் பிளேட், நாலு போல்ட், கீழே இருக்கும் கான்கிரீட். அதில் ஒரு போல்ட்டுக்கு நட் இல்லை என்கிறீர்கள், தரையை ஒட்டித் துரு வேறு. தகடு 6 மில்லிமீட்டரில் இருந்து 4 ஆகத் தேய்ந்திருந்தால் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம், காற்றிடம் மறைக்க முடியாது.

சான்று கொடுக்கும் இன்ஜினியர்களில் எத்தனை பேர் அந்த அடியைத் தோண்டிப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நான் என் தொழிலைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது, ஆனால் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே போட்ட கையெழுத்துகள் நிறைய உண்டு.

சயான் கோலிவாடா:
மும்பையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதிகளிலிருந்து காட்கோபர் அதிக தூரமில்லை, 2024 மே 13 சாயங்காலம் புழுதிக்காற்று அடித்தபோது என் மச்சான் அந்தப் பக்கம்தான் பைக்கில் இருந்தார். பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்த ஹோர்டிங் 120 அடிக்கு 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் அதிகபட்சம் 40க்கு 40. சித்தப்பா கணக்கில் போட்டால் பரப்பு ஒன்பது மடங்கு. 17 பேர் இறந்தார்கள், எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். மழைக்கு ஒதுங்கிப் பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே நின்றவர்களும் அதில் உண்டு. உள்ளே சிக்கியவர்களை எடுக்க கேஸ் கட்டர் பயன்படுத்தப் பயந்தார்கள், கீழே பெட்ரோல் டேங்க்.

கொடுமை என்னவென்றால் அது லிம்கா சாதனைப் புத்தகத்தில் ஏறின பலகை. ஒளித்து வைத்தது கிடையாது, ஊரே அண்ணாந்து பார்த்தது. நிலம் ரயில்வே போலீஸ் கையில் இருந்தது, அதனால் மாநகராட்சி அனுமதி தேவையில்லை என்று ஒரு தரப்பு, தேவை என்று இன்னொரு தரப்பு, கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற ஐயா சொன்ன தபால் உலாவேதான், இங்கே அதன் முடிவில் 17 உயிர். 2018இல் புனேயில் ரயில்வே இடத்து ஹோர்டிங்கை இறக்கும்போதே ரோட்டில் விழுந்து நாலு பேர் இறந்தார்கள். எனவே துடியலூரார் இரும்பை எடுக்கச் சொல்லும்போது யார், எப்படி எடுக்கப் போகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்ததை அவசரமாக அறுத்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்று அறுப்பவனுக்கும் தெரியாது.

மொட்டைமாடி ஓனர்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு மாடியில் ஹோர்டிங் இருக்கிறது, வாடகை வாங்குகிறேன், அதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. பென்ஷன் இல்லாதவன் நான். மாடியில் வரும் அந்தக் காசுதான் மருந்துச் செலவு. லைசென்ஸ் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் என்று கம்பெனிக்காரர் சொன்னார், அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டேன். ரோட்டோரம் சட்டவிரோதமாக ஆயிரம் கட்சி பேனர் இருக்கும்போது ஒழுங்காக அக்ரிமென்ட் போட்டவனைப் பிடித்து மூன்று வருஷம் உள்ளே போடுவோம் என்றால் இது என்ன நியாயம்?

மாட்டுத்தாவணி வக்கீல்:
கோபப்படாமல் கேளுங்கள் சார். அக்ரிமென்ட் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே உள்ள சமாச்சாரம், அதைக் காட்டி மாநகராட்சியிடமோ போலீஸிடமோ தப்பிக்க முடியாது. லைசென்ஸ் நகல் கொடுங்கள் என்று கம்பெனிக்கு இன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள். தரவில்லை என்றால் பலகையை எடுக்கச் சொல்லி இரண்டாவது கடிதம். இரண்டின் நகலையும் கமிஷனருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு ஏதாவது நடந்தாலும் "நான் தெரிவித்தேன்" என்று காட்ட ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

மொட்டைமாடி ஓனர்:
எழுதினால் வாடகை நின்றுவிடும்.

சிவில் சித்தப்பா:
மாடிப் பலகை இன்னும் மோசம் சார், அதன் கால்கள் உங்கள் கான்கிரீட் கூரையிலோ கைப்பிடிச் சுவரிலோ நிற்கிறது. அந்த வீடு கட்டும்போது யாரும் 7 டன் பக்கவாட்டுத் தள்ளுக்கு டிசைன் செய்திருக்க மாட்டார்கள். போல்ட் இறங்கிய இடத்தில் மழைநீர் கசிகிறதா என்று இந்த வாரமே ஒரு ஆளை விட்டுப் பாருங்கள். கசிந்தால் வாடகையை மறந்துவிடுங்கள்.

வடசென்னை வாசு:
மாடி ஓனர் கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதை வக்கீல் சார் தாண்டிப் போய்விட்டார். 2017இல் கோவை அவினாசி ரோட்டில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழா அலங்கார வளைவின் கட்டையில் மோதி அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் இறந்தார், அந்த இடத்தில் "யார் கொன்றது" என்று ஆங்கிலத்தில் ரோட்டிலேயே பெரிசாக எழுதினார்கள், உலகமே பார்த்தது. அந்த வளைவு யாருடைய விழாவுக்கு? 2018 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அரசியல் கட்சிகள் பேனர் வைக்கவே இடைக்காலத் தடை போட்டது. ஒன்பது மாசம் கழித்து துரைப்பாக்கம். உடனே கட்சிகள் பலவும் இனி வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தன. அடுத்த மாசமே சீன அதிபர் மாமல்லபுரம் வருகிறார், வரவேற்பு பேனர் வைக்க அனுமதி வேண்டும் என்று அரசாங்கமே கோர்ட்டில் போய் நின்றது! அரசுக்கு அனுமதி தேவையில்லை, விதியைப் பின்பற்றி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். 2021இல் விழுப்புரத்தில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடிக்கம்பம் நட்ட சிறுவன் மின்சாரம் தாக்கி இறந்தான். ஆட்சி மாறியது, கம்பம் மட்டும் மாறவில்லை. டிராஃபிக் ராமசாமி ஒருத்தர் கையாலேயே கிழித்துக்கொண்டு திரிந்தார், அடியும் வாங்கினார், கேஸும் போட்டார். அவர் 2021 மே மாசம் போன பிறகு அந்த வேலையை யார் செய்கிறார்கள்?

குட்டி அட்மின்:
எந்தக் கட்சி எத்தனை பேனர் என்ற கணக்கு இங்கே வேண்டாம். இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். தலைப்பு இரும்பு, அதோடு நிற்கவும்.

வாளையார் கேட்:
நான் இருப்பது பாலக்காட்டுப் பக்கம். இங்கே உயர் நீதிமன்றம் விடாப்பிடியாகப் பின்னால் நிற்கிறது. சட்டவிரோத போர்டு எடுக்கப்படாமல் இருந்தால் ஒரு போர்டுக்கு 5,000 ரூபாய் வீதம் உள்ளாட்சிச் செயலாளரே பொறுப்பாக வேண்டிவரும் என்று 2024இல் சொன்னார்கள். அதற்குப் பிறகு எங்கள் பஞ்சாயத்து வண்டி ஞாயிற்றுக்கிழமைகூட ஓடியது. அதிகாரியின் சொந்தப் பாக்கெட்டைத் தொட்டால் கிரேன் தானாகக் கிடைக்கும் போல. அங்கே அப்படி ஒன்று வந்தால் நல்லது.

ஓய்வு பெற்றவன்:
வாளையார் தம்பி, அதிகாரி பாக்கெட்டைத் தொடுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழித்த மறுநிமிஷம் வார்டு ஆள் போன் செய்து மிரட்டும்போது அந்தச் செயலாளருக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள்? அபராதம் மட்டும் அவருக்கு, டிரான்ஸ்ஃபரும் அவருக்கு. எங்கள் காலத்தில் ஒரு பில் கலெக்டர் தலைவர் படம் இருந்த பேனரை இறக்கிவிட்டு அன்று ராத்திரி வீட்டுக்கே போகவில்லை, சொந்தக்காரர் வீட்டில் படுத்தார். கோர்ட் ஆர்டரில் இதெல்லாம் வராது.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் உயிரைப் பற்றிப் பேசுகிறீர்கள், சரி. காசைப் பற்றியும் பேசலாமா? ஜிஎஸ்டி வந்தபோது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் விளம்பர வரிக்கு இருந்த 55ஆவது பதிவையே எடுத்துவிட்டார்கள். ஹோர்டிங் வாடகைக்கு இப்போது ஜிஎஸ்டி போகிறது, உள்ளாட்சிக்கு மிச்சம் லைசென்ஸ் கட்டணமும், சொந்த இடத்தில் வைத்தால் வாடகையும்தான். அப்படியென்றால் என்ன ஆகும்? வருமானம் வேண்டும் என்கிற மாநகராட்சி தன் பஸ் ஸ்டாப், தன் மீடியன், தன் நடைமேம்பாலத்தை விளம்பரத்துக்கு ஏலம் விடும். ஒழுங்குபடுத்த வேண்டியவரே கடை விரித்தால் அடுத்தவன் கடையை எந்த முகத்தோடு மூடச் சொல்வார்?

பிரேசிலில் சாவோ பாவ்லோ என்ற ஊர், சென்னையைவிடப் பெரிசு. அங்கே மேயர் கில்பெர்ட்டோ கசாப் 2006இல் ஒரு சட்டம் போட்டு 2007 ஜனவரி 1 முதல் வெளிப்புற விளம்பரத்தையே மொத்தமாகத் தடை செய்தார். சுமார் 15,000 பலகை இறங்கியது. கடைப் பெயர்ப்பலகைக்குக்கூட முகப்பின் அகலத்தை வைத்து அளவு. பலகை எடுத்ததும் பின்னால் அதுவரை யாரும் பார்க்காத குடிசைப் பகுதிகள் தெரிந்தன என்பார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கூப்பாடு போட்டார்கள், ஊர் படுக்கவில்லை.

ஃப்ளெக்ஸ்_கடை_மணி:
சாவோ பாவ்லோவில் கண்ணீர் அஞ்சலி பேனர் உண்டா சார்? இங்கே ஒரு வீட்டில் இழவு விழுந்தால் பந்தலுக்கு முன்னாடி என் கடைக்குத்தான் போன் வருகிறது. மொத்தத் தடை என்றால் அந்த வீட்டுக்காரன் முதலில் அபராதம் கட்டுவான், பெரிய ஆட்கள் கட்ட மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம்.

கணக்குப்பிள்ளை:
மணி, அது நியாயமான பயம். அதனால்தான் நான் துணிக்கும் இரும்புக்கும் ஒரே தடை கேட்கவில்லை. தெருமுனையில் மூன்றடிக்கு நாலடி அஞ்சலி தட்டி யாரையும் கொல்லாது. முப்பதடி உயரத்தில் 800 சதுர அடி கொல்லும். இருக்கும் ஒரே கிரேனை எங்கே அனுப்புவது என்று மாநகராட்சி முடிவு செய்ய வேண்டியிருந்தால் பெரிய இரும்புக்கு அனுப்பட்டும்.

துடியலூரான்:
சில வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வக்கீல் சார் சொன்னபடி விளம்பரக் கம்பெனியை விட்டுவிட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: இந்த சர்வே எண்ணில் உள்ள பலகையின் லைசென்ஸ் எண், செல்லும் தேதி என்ன? கட்டமைப்பு உறுதிச் சான்றின் நகல் தரவும். பதில் வந்தது, "இவ்விடத்திற்கு உரிமம் ஏதும் வழங்கப்படவில்லை." ஒரு வரிதான், கமிஷனர் அலுவலக முத்திரையோடு. அந்த ஒரு வரி இருந்ததால் அடுத்த மனுவில் "சந்தேகிக்கிறேன்" என்று எழுத வேண்டியிருக்கவில்லை. துருப்பிடித்த அடி, நட் இல்லாத போல்ட், பக்கத்தில் யூனிஃபார்மில் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வைத்தேன். வில்லங்கச் சான்று போட்டு மனை சொந்தக்காரர் பெயர், முகவரி எடுத்து அதையும் சேர்த்தேன், நோட்டீஸ் திரும்பி வரக் கூடாதே. சித்தப்பாவின் டன் கணக்கையும் கீழே எழுதினேன். அதைப் படித்தார்களா தெரியாது, மனை சொந்தக்காரர் படித்தார், எனக்கே போன் செய்தார். நல்ல மனுஷன், வாடகை வருகிறது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, 25,000 என்றதும் அமைதியாக இருந்தவர் மூன்று வருஷம் என்றதும் குரல் மாறிவிட்டார்.

கிரேன் அவர் செலவில் வந்தது, மாநகராட்சி ஆட்கள் நின்று பார்த்தார்கள். காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்பைக் கயிறு கட்டி மறித்து, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். டீக்கடை அண்ணனை அன்று ஒருநாள் எதிர்ப்பக்கம் மாறச் சொன்னதற்கு என்னைத்தான் முறைத்தார். இரண்டாவது கால் அறுக்க வேண்டியே இருக்கவில்லை, கிரேன் தூக்கியதும் தரையோடு தானாகவே முறிந்து வந்தது.

ஆனால் முன் காலை முழங்கால் உயரத்தில் அறுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள், பேஸ் பிளேட்டும் கான்கிரீட்டும் உள்ளேயே இருக்கிறது. அது பிரச்சினையா?

ஏணி முருகேசு:
பிரச்சினைதான் அண்ணா. அடி இருந்தால் புதுக் கால் வெல்டு வைக்க ஒரு ராத்திரி போதும். நாங்களே அப்படிச் செய்திருக்கிறோம்.

மாட்டுத்தாவணி வக்கீல்:
மனைக்காரரிடம் இப்போதே கேளுங்கள், பயம் ஆறிவிட்டால் நடக்காது. கமிஷனருக்கும் ஒரு வரி: "அடித்தளம் உட்பட முழுமையாக அகற்றப்பட்டதற்கான களஆய்வு அறிக்கையின் நகல் தேவை." புகாரை அவர்கள் குளோஸ் செய்ய விடாதீர்கள்.

மொட்டைமாடி ஓனர்:
வக்கீல் சார், அந்தப் பதிவுத் தபாலுக்கு மாதிரி வாசகம் இருந்தால் இங்கேயே போடுங்கள். தமிழில் போதும்.